ப்யூட்லியில் ஆற்றங்கரை வீடு: முன்பணம் கட்டும் முன்

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் ப்யூட்லி ஊரில் வீடு வாடகைக்கு எடுக்கலாமா, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பதில். கரையோர வீட்டின் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு 1798-ல் இங்கே கல் பாலம் கட்டியதே, 1795 வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனதால்தான். அரசுத் தளத்தில் போஸ்ட்கோடு போட்டு அந்த வீட்டின் வெள்ள அபாயத்தை முதலில் பாருங்க.

இங்கே வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட முடியாது. வேல்ஸ் மலைகளில் பெய்த மழைநீர் சில நாள் கழித்து வெயில் நேரத்தில்கூட வந்து சேரும். ஃப்ளட் அலர்ட் என்றால் தயாராகணும், ஃப்ளட் வார்னிங் என்றால் உடனே பொருளை மேலே ஏற்றணும், சிவியர் என்றால் உயிருக்கே ஆபத்து. மூன்றும் போனுக்கு வர இலவசமாகப் பதியலாம். செவர்ன்சைடு என்ற ஆற்றோரத் தெருவில் வெள்ளம் வரும்போது எழுப்பி வைக்கும் அலுமினியத் தடுப்பு உண்டு. அதை நம்பி நிலவறையில் அரிசி மூட்டையும் ஃப்ரீசரும் வைக்காதீங்க. தடுப்பு நின்றாலும் நிலத்தடி நீர் தரைவழியே ஊறி வரும்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு: ஓனரின் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு மட்டும்தான். உங்கள் சாமானுக்குத் தனியாக எடுக்கணும். வெள்ள அபாய வீடுகளின் இன்சூரன்ஸுக்கு உதவும் ஃப்ளட் ரீ திட்டத்தால் பிரீமியம் குறையலாம், 2009-க்கு முன் கட்டிய வீடாக இருந்தால்.

வரைபடத்தில் ப்யூட்லி ஸ்டேஷன் தெரியும். அது வேலைக்குப் போகிற ரயில் இல்லை, சுற்றுலாவுக்கு ஓடும் செவர்ன் வேலி நீராவி ரயில்! பர்மிங்காம் போக மூன்று மைல் தள்ளி கிடர்மின்ஸ்டருக்குப் போகணும்.

வாங்குகிறவர்களுக்கு: லிஸ்டட் கட்டடமா (சட்டப் பாதுகாப்புள்ள பழமையான கட்டடம்) என்று சொலிசிட்டரிடம் (வக்கீல்) கேளுங்க. அனுமதியில்லாமல் ஜன்னலை மாற்றுவது கிரிமினல் குற்றம். பழைய ஓனர் செய்திருந்தாலும் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும், அதற்குக் காலக்கெடுவும் கிடையாது.

— இன்னொரு பதில் —

மேலே சொன்னது சரி. ஊரோடு பழக லோட் ஸ்ட்ரீட் அருங்காட்சியகத்தில் ஆரம்பிங்க. பழைய கசாப்புக் கடைத் தெரு அது, நுழைவு இலவசம். நீராவி ரயிலும் தன்னார்வலர்களை நம்பித்தான் ஓடுகிறது. மாணவர் விசாக்காரர்கள் மட்டும் கவனம்: கட்டாய ஷிஃப்ட் உள்ள சம்பளமில்லாத வேலை 'வாலண்டரி வொர்க்', வார 20 மணி நேர வரம்பு இருந்தால் அதில் கழியும். அப்படிக் கட்டாயம் இல்லாத 'வாலண்டியரிங்' கழியாது. எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க.

தூண்டில் போட ஆசையா? 13 வயதிலிருந்து ராட் லைசென்ஸ் (தூண்டில் உரிமம்) வேணும், கரை உரிமையாளர் அல்லது கிளப்பின் அனுமதி தனி. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றில் கெண்டை, பைக் போன்ற 'கோர்ஸ்' மீன்களைப் (சால்மன், டிரவுட் அல்லாத நன்னீர் மீன்கள்) பிடிக்கத் தடை.

விசா இருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற கணக்கில் ஓட்டுப் போடலாம். வீடு மாறிய வாரமே வாக்காளர் பட்டியலில் பதிந்துவிடுங்க, கடன் மதிப்பெண்ணுக்கும் அது உதவும்.