புது டொமைன் பெயரில் ஒரு எழுத்து தப்பு: பணம் திரும்ப வருமா?

மாசி வீதி கடை:
சுங்குடி சேலைக் கடைக்கு டாட் காம் பெயர் செவ்வாய் ராத்திரி 9.30-க்குப் பதிவாச்சு. இங்கிலீஷ் எழுத்தில் நடுவில் ஒரு 'யு' விட்டுப்போயிருக்கு. 3 வருஷத்துக்குக் கட்டியாச்சு, கூடவே மெயில் பாக்ஸும் சேர்ந்திருக்கு. பெயரைத் திருத்த முடியுமா, இல்லை பணத்தைத் திரும்பக் கேட்கணுமா? எத்தனை நாள் டயம் இருக்கு?

வைகைக்கரை:
திருத்த வழியே இல்லைங்க. உரிமையாளர் பெயர், முகவரி, போன் எல்லாம் மாத்தலாம். டொமைன் பெயரை மட்டும் மாத்த முடியாது. ரத்து பண்ணிட்டுச் சரியான பெயரைப் புதுசாத்தான் எடுக்கணும்.

டாட் காமுக்கு ஆட் கிரேஸ் பீரியட், அதாவது புதுசாப் பதிஞ்ச பெயரை அழிக்கக் கிடைக்கிற சலுகைக் காலம், 5 நாள். அதுக்குள்ள அழிச்சா ரெஜிஸ்ட்ரி (டாட் காம் பெயர்களையெல்லாம் நிர்வகிக்கிற அமைப்பு) தன் கட்டணத்தை ரெஜிஸ்ட்ராருக்கு (உங்களுக்குப் பெயரை வித்த கம்பெனி) திருப்பி வைக்கும். உங்களுக்கும் திருப்பித் தரணும்னு அந்த விதியில் கட்டாயம் கிடையாது. அது உங்க ரெஜிஸ்ட்ராரோட ரீஃபண்ட் பாலிசியைப் பொறுத்தது. சில பேர் கார்டுக்கே அனுப்புவாங்க, சில பேர் அக்கவுண்டில் கிரெடிட்டா வைப்பாங்க, சில பேர் தரவே மாட்டாங்க. பிரீமியம் விலைப் பெயர்னா பெரும்பாலும் கிடைக்காது.

5 நாளைக் காலண்டரைப் பார்த்து எண்ணாதீங்க, 120 மணி நேரமா எண்ணுங்க. டொமைன் விதிகளை வகுக்கிற ஐகேன் அமைப்போட லுக்அப் பக்கத்தில் பெயரைப் போட்டா பதிவான நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் வரும், அதோட 5.30 மணி கூட்டிக்கோங்க. உங்களுக்கு 16:00-னு காட்டும்; ஞாயிறு ராத்திரி 9.30-க்கு முடியுது. ஸ்டேட்டஸ் வரியில் 'ஆட் பீரியட்'னு இருந்தா இன்னும் உள்ளேதான் இருக்கீங்க. ஆனா கடைசி நாள் ஞாயிறு. சப்போர்ட்டில் நீங்க போடுற டிக்கெட்டை (கோரிக்கையை) யாரும் பார்க்காம போயிட்டா கதை முடிஞ்சது. வெள்ளிக்குள்ள கேட்டு வைங்க.

கீழவாசல் சர்வர்:
வைகைக்கரை அண்ணே சொன்னது சரி. முறைதான் முக்கியம். பேனலில் இருக்கிற டெலீட் பட்டனை அவசரப்பட்டு அமுக்காதீங்க. சில இடத்தில் பெயர் போயிரும், பணம் வராது. முதல்ல சரியான பெயரை வாங்குங்க. அப்புறம் சப்போர்ட்டில் ஆர்டர் நம்பரோட 'ரீஃபண்டோட ரத்து பண்ணுங்க'ன்னு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்க. மெயில் பாக்ஸ் பில்லில் தனி வரி, அதைத் தனியா ரத்து பண்ணணும். ஆட்டோ ரினியூவலை நிறுத்துறது ரத்து ஆகாது. நிறைய பேர் இதுலதான் ஏமாறுறாங்க.

அழிச்ச பெயரைத் திரும்ப எடுக்க வழக்கமாக் கிடைக்கிற 30 நாள் மீட்புக் காலம், இந்த 5 நாளுக்குள்ள அழிச்ச பெயருக்குக் கிடையாது. உடனே பொதுவில் வந்துரும், யார் வேணா எடுக்கலாம்.

பேங்கில் சார்ஜ்பேக் போடுற (கட்டின பணத்தைப் பேங்க் வழியாத் திரும்பப் பிடிக்கிற) யோசனை வேண்டாம். மத்த டொமைனும் அதே அக்கவுண்டில் இருந்தா எல்லாத்தையும் பூட்டிடவும் வாய்ப்பு இருக்கு.

மாசி வீதி கடை:
ரொம்ப நன்றிங்க. ரெஜிஸ்ட்ரார்கள் ஏன் இவ்வளவு கறாரா இருக்காங்க? டாட் இன் எடுத்திருந்தா?

வைகைக்கரை:
முன்னாடி லட்சக்கணக்கில் பெயரைப் பதிஞ்சு, விளம்பரம் போட்டு, காசு தேறாததை 5 நாளுக்குள்ள அழிச்சுக்கிட்டு இருந்தாங்க. டொமைன் டேஸ்டிங்னு பேரு. 2009-ல் ஐகேன் வரம்பு வச்சது: ஒரு மாசப் புதுப் பதிவில் 10 சதவீதம், இல்லைன்னா 50 பெயர், எது அதிகமோ அதுவரைக்கும்தான் ரெஜிஸ்ட்ராருக்குப் பணம் திரும்பும். அதுக்கு மேல அழிச்சா அவங்க கையைக் கடிக்கும். டாட் இன் நிக்ஸிங்கிற இந்திய அமைப்பு கையில் இருக்கு, ஐகேனோட இந்த வரம்பு அங்க செல்லாது. ரெஜிஸ்ட்ராரோட டாட் இன் விதியைத் தனியாப் படிக்கணும்.

கணக்குப்பிள்ளை:
பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கும். பணம் வந்தா கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைச்சதுக்கான சீட்டு) கேட்டு வாங்குங்க. இந்த ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டா உங்க வரியில் கழிச்சிருந்தா அந்தத் தொகையைத் திருப்பணும்.

இன்னொன்னு. 1 வருஷம்தான் கட்டியிருந்தா ரத்தே பண்ண வேண்டாம்னு சொல்லியிருப்பேன். வாடிக்கையாளரும் அதே எழுத்தை விட்டுத்தான் டைப் பண்ணுவாங்க. தப்பான பெயரைச் சரியான தளத்துக்கு ஃபார்வர்டு பண்ணி வச்சுக்கலாம். 3 வருஷக் காசுன்னா கேட்டுப் பார்க்கிறது நியாயம்தான்.