கிட்டீயில் வளர்ச்சி வரைபடங்கள் சேர்க்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே, எங்கள் சின்னக் குழுவின் நிரல் எல்லாம் சொந்த சர்வரில் ஓடும் கிட்டீயில்தான் (Gitea, நிரலைச் சேமித்துக் குழுவாக வேலை செய்ய உதவும் மென்பொருள்) இருக்கிறது. புதிதாக வருபவருக்கு ஒரு புராஜெக்டில் இன்னும் வேலை நடக்கிறதா என்று பார்த்ததுமே தெரிய வேண்டும், அதற்காக வாரத்துக்கு எத்தனை கமிட் (நிரலில் பதிவு செய்த மாற்றம்), எத்தனை பேர் பங்களித்தார்கள், ஒரு இஷ்யூவை (பிழை அல்லது வேலை பற்றிய குறிப்பு) மூட எத்தனை நாள் ஆகிறது என்று வரைபடம் காட்ட ஆசை. 1.22 பதிப்பிலிருந்து பங்களிப்பாளர் வரைபடம் கிட்டீயிலேயே வருகிறது, சரி, ஆனால் எனக்கு முக்கியம் இஷ்யூ மூடும் வேகம். கமிட் எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது, ஸ்குவாஷ் செய்து இணைத்தால் இருபது கமிட் ஒன்றாகிவிடும்.

இப்போதைக்குத் தினமும் இரவு கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கருவி) கிட் லாக் (கமிட் வரலாற்றைத் தரும் கட்டளை) ஓட்டி எண்களை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் போடுகிறேன். ஒரே ஆள் இரண்டு மின்னஞ்சலில் கமிட் செய்வதை மெயில்மேப் கோப்பு சரிசெய்துவிட்டது. மாட்டிக்கொண்டது தேதியில்தான். ரீபேஸ் செய்தால் (பழைய கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மீண்டும் அடுக்கினால்) ஆத்தர் தேதி (மாற்றத்தை முதலில் எழுதிய நாள்) அப்படியே இருக்கிறது, கமிட்டர் தேதி (கடைசியாகப் பதிவான நாள்) மாறிவிடுகிறது. கமிட்டர் தேதியை எடுத்தால் போன மாத வேலையெல்லாம் இந்த வாரத்தில் ஒரே தூணாக நிற்கிறது, ஆத்தர் தேதியை எடுத்தால் பழைய வாரங்களின் எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எதை வைத்து வரைவது?

அப்புறம், இஷ்யூ விவரங்களை ஏபிஐ (ஸ்கிரிப்ட் மூலம் கிட்டீயிடம் தரவு கேட்கும் வழி) வழியாக மொத்தமாக எடுப்பதா, வெப்ஹுக் (ஏதாவது நடந்ததும் கிட்டீயே தகவல் அனுப்பும் வசதி) வைத்து அவ்வப்போது சேமிப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ஸ்கிரிப்ட் இருந்தால் பகிருங்கள்.