உறுப்புப் பாதுகாப்பு ஆய்வுக்கு அரசு நிதி கேட்பது சரியா?

பனிப்பெட்டி:
மாற்று அறுவைக்காகக் கொடையாளரிடம் எடுத்த உறுப்புகளை நீண்ட நேரம் காக்கும் ஆய்வுக்குத் தமிழ்நாடு அரசு தனி நிதி ஒதுக்கணும்னு மனு கொடுக்கலாம்ங்கிறது என் கட்சி. ஐஸ்பெட்டியில் இதயம் 4 முதல் 6 மணி நேரம், கல்லீரல் 12 மணி நேரம் வரைதான் தாங்கும். பொருந்துற நோயாளி தூரத்தில் இருந்தா அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போக வேண்டியதுதான். 2023-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் எலிச் சிறுநீரகங்களைப் பனிப்படிகம் உருவாகாமல் கண்ணாடி மாதிரி உறையவைத்து, 100 நாள் வரை வைத்திருந்து, மறுபடி பொருத்தி வேலை செய்ய வைத்துட்டாங்களே!

ஐசியூ தரப்பு:
எலிச் சிறுநீரகம் ஒரு கிராம் சொச்சம், மனுஷனுடையது சுமார் 150 கிராம் சார். உறுப்பு பெரிசாக ஆக நடுப்பகுதி மெதுவாகத்தான் குளிரும். அந்த இடைவெளியில் பனிப்படிகம் உருவாகி நுண்குழாய்களைக் கிழிச்சுடும். அதைத் தடுக்க உறைதடுப்பு மருந்தைக் கூட்டினா அதுவே செல்களுக்கு நஞ்சு. சூடாக்குறது இன்னும் சிக்கல், குளிர்வித்ததைவிட வேகமா, எல்லாப் பக்கமும் சமமா ஏறணும். அதனாலதான் அவங்க ரத்தக்குழாய் வழியா இரும்பு ஆக்சைடு நுண்துகளைச் செலுத்தி, காந்தப்புலத்தில் வைத்துச் சூடாக்கினாங்க. அப்படியும் முதல் இரண்டு மூன்று வாரம் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) ஏறித்தான் இருந்தது.

நம்ம ஊர்ப் பஞ்சம் வேற இடத்தில் இருக்கு. மூளைச்சாவை உறுதிப்படுத்த நாலு டாக்டர் குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனை வேணும். அதற்குள் கொடையாளருக்குச் சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போய், ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 155 மில்லிமோலைத் தாண்டினா கல்லீரல் வீணாகலாம். சிறுநீர்ப் போக்கைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் ஹார்மோன் மருந்தை நேரத்தோடு ஆரம்பிக்கத் தெரிந்த செவிலியர் இருந்தா போதும், அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

பனிப்பெட்டி:
உறைநிலையை விடுங்க, எடுத்த உறுப்புக்குள் இயந்திரத்தால் ரத்தம் ஓடவிடும் முறையைப் பாருங்க. இங்கிலாந்தின் பர்மிங்காமில் எல்லா மையங்களும் வேண்டாம்னு ஒதுக்கின 31 கல்லீரல்களை உடல்சூட்டில் ரத்தம் ஓடவிட்டுப் பார்த்தாங்க. நலமான கல்லீரல் அகற்றிவிடும் லாக்டேட் என்ற கழிவு 4 மணி நேரத்தில் லிட்டருக்கு 2.5 மில்லிமோலுக்குக் கீழே வருதா, பித்தம் சுரக்குதான்னு சோதிச்சு 22-ஐப் பொருத்தினாங்க. 90 நாள் கழித்து அத்தனை பேரும் உயிரோடு!

ஐசியூ தரப்பு:
அதே 22-ல் நாலு பேருக்குப் பித்தநாளம் சுருங்கி மறுபடி மாற்ற வேண்டி வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க. லாக்டேட் கல்லீரல் செல்லின் நலத்தைத்தான் காட்டும், பித்தநாளத்தின் கதை தனி.

நடுவில் ஒருவன்:
முதல்ல ஐஸ்பெட்டியையே ஒழுங்கா வைக்கலாமே. உறுப்பு கரைசலோடு முதல் பையில், அதைச் சுற்றிக் குளிர்ந்த உப்புநீரோடு இரண்டாவது பை, மேலே மூன்றாவது பை, அப்புறம்தான் ஐஸ். உறுப்பு நேரா ஐஸைத் தொட்டா அந்த இடம் உறைந்து செத்துடும். பெட்டிக்குள்ள வெப்பநிலைப் பதிவுக்கருவி வைக்கிறதும் ஆய்வுதான், அதுவும் மலிவான ஆய்வு.

பனிப்பெட்டி:
சரி, மனுவில் முதல் கோரிக்கையாக இதைப் போடறேன்: ஒதுக்கப்படும் ஒவ்வொரு உறுப்புக்கும் காரணம், குளிரில் இருந்த நேரம், கொடையாளரின் கடைசி சோடியம் மூன்றும் பதிவாகணும்.

ஐசியூ தரப்பு:
அப்படின்னா கையெழுத்து போடறேன். மனுவில் அந்த ரத்த ஓட்ட இயந்திரம் வாங்கக் கேட்கும் பத்தியை மட்டும் எடுத்துடுங்க.


பனிப்பெட்டி:
அதை எடுக்க மாட்டேன் சார்.