ஃபிகோ டீசல் காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது: இன்ஜெக்டர் மாத்தணுமா, வண்டியையே வித்துடணுமா?

திருப்பூர் ஃபிகோ:

வணக்கம். வண்டி 2012 ஃபோர்டு ஃபிகோ, 1.4 டிடிசிஐ டீசல். அப்பா ஷோரூம்ல புதுசா எடுத்தது, இப்ப நான் ஓட்டறேன். மீட்டர் ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டிடுச்சு.

ராத்திரி வீட்ல நிறுத்திட்டு காலைல சாவியைத் திருப்பினா செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது. விட்டு விட்டு ரொம்ப நேரம் அடிச்ச பிறகு ஒரு நடுக்கத்தோட பிடிக்கும். பிடிச்சுட்டா அன்னைக்கு முழுக்க தொட்டவுடனே ஸ்டார்ட். இழுவை, மைலேஜ் எதுலயும் குறை இல்லை. செக் இன்ஜின் லைட் எரியல. பேட்டரி போன தீபாவளிக்குத்தான் மாத்தினேன்.

இங்க ஒரு வொர்க்‌ஷாப்ல காட்டினேன். ஸ்கேனர்ல எரர் எதுவும் வரல. இருந்தாலும் சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சற நாலு இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும் போயிருக்கும், கழட்டி அனுப்பணும்னு சொல்றாங்க. அவங்க சொல்ற தொகை வண்டியோட இன்னைய விலையில பாதிக்கு வருது. வீட்ல, "கம்பெனியே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான், அவன் வண்டிக்கு இவ்வளவு செலவா?"ன்னு கேக்கறாங்க. எனக்கு விக்க மனசில்லை. இந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பழகின கைக்கு வேற சின்ன வண்டி எதுவும் ஒட்டல. இன்ஜெக்டர் மாத்தித்தான் ஆகணுமா? ஃபோர்டை நம்பி இன்னும் பணம் போடலாமா?

கோவை ஃபியஸ்டா:

க்ளோ பிளக் பாருங்க ப்ரோ, ஸ்டார்ட் ஆக சிலிண்டருக்குள்ள சூடு ஏத்தறது. காலைல மட்டும் தகராறுன்னா முதல்ல அதுதான். விலையும் அதிகம் இல்லை.

மதுரை டீசல் பட்டறை:

தம்பி, அவசரப்பட்டு எதையும் கழட்ட விடாதீங்க. க்ளோ பிளக் குளிர் நாட்டுல பெரிய விஷயம். நம்ம ஊர் சூட்டுல, நேரடி இன்ஜெக்‌ஷன் டீசல் அது இல்லாமலேயே பெரும்பாலும் பிடிச்சுடும்.

எனக்கு இது தெரியணும். காலைல செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல வெள்ளைப் புகை வருதா, இல்ல புகையே இல்லையா? வண்டியை எங்க, எப்படி நிறுத்தறீங்க, மூக்கு மேல பார்த்தா, கீழ பார்த்தா? இந்தத் தொல்லை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டீசல் ஃபில்டரை யாராவது தொட்டாங்களா?

திருப்பூர் ஃபிகோ:

அண்ணா, புகை துளிகூட வரல. வீட்டு வாசல்ல நல்ல சரிவு, ரோட்டிலிருந்து ஏத்தி மூக்கு வீட்டைப் பார்த்த மாதிரி நிறுத்துவேன், அதனால முன்பக்கம் உயரத்துல இருக்கும். ஊருக்குப் போனா மாமியார் வீட்ல சமதரை. அங்க ராத்திரி முழுக்க நின்னாலும் காலைல சுமாரா பிடிச்சுடுது, இப்ப நீங்க கேட்டதும்தான் அது உறைக்குது. ஃபில்டர் மழைக்காலத்துக்கு முன்னாடி ரோட்டோர கடை ஒண்ணுல மாத்தினது.

மதுரை டீசல் பட்டறை:

அப்ப பாதி விஷயம் தெரிஞ்சு போச்சு.

வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ளே போகுது, எரியலைன்னு அர்த்தம். புகையே இல்லைன்னா டீசலே சிலிண்டருக்குள்ள போகலை. காமன் ரெயில் வண்டியில, எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ரெயில்ங்கற குழாய்க்குள்ள குறிப்பிட்ட அளவு அழுத்தம் ஏறினாத்தான் இசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், இன்ஜெக்டரைத் திறக்கவே விடும். அழுத்தம் ஏறாததுக்கு இன்ஜெக்டர் ஒழுகறது ஒரு காரணம். ஆனா இன்ஜெக்டர் தேய்ஞ்சிருந்தா, சூடான பிறகும் ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணும். சூட்டுல டீசல் இளகி இன்னும் அதிகமா ஒழுகும் இல்லையா? உங்க வண்டி சூட்டுல தொட்டவுடனே பிடிக்குது. அதனால என் சந்தேகம் ஏர் மேலதான்.

இந்த இன்ஜினுக்கு டேங்குக்குள்ள டீசலைத் தள்ளுற மின்சார பம்பு கிடையாது. முன்னாடி இருக்கிற ஹை பிரஷர் பம்புதான் பின்னாடி டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கணும். உறிஞ்சற லைன்ல ஒரு முடி அளவு சந்து இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காத்துதான் உள்ளே போகும். தரையில ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. ராத்திரி நிக்கும்போது அந்தச் சந்து வழியா காத்து புகுந்து, லைன்ல இருக்கிற டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிடும். மூக்கு மேல நின்னா இன்னும் வேகமா இறங்கும். காலைல பம்பு முதல்ல காத்தைத்தான் இழுக்குது.

காசு செலவில்லாம பார்க்க வழி இருக்கு. டீசல் லைன்ல ஒரு ரப்பர் பல்பு, அதான் கை பம்பு, இருக்கும். நாளைக்குக் காலைல சாவியைத் தொடறதுக்கு முன்னாடி அது கெட்டியாகிற வரைக்கும் அமுக்குங்க. அமுக்கின பிறகு டக்குன்னு பிடிச்சா, இன்ஜெக்டர் மேல பழி இல்லை. அன்னைக்கு ராத்திரி வண்டியைத் திருப்பி, மூக்கு கீழ பார்க்க நிறுத்தியும் பாருங்க.

அதுலயும் உறுதியாச்சுன்னா, தெரிஞ்ச மெக்கானிக்கை விட்டு ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல, உள்ளே தெரியற பிளாஸ்டிக் டியூப் ஒண்ணைத் தற்காலிகமா மாட்டச் சொல்லுங்க. டீசல் தாங்கற டியூபா இருக்கணும். குமிழி ஓடறது கண்ணுக்கே தெரியும். ஃபில்டருக்கு முன்னாடி, டேங்குப் பக்கம் மாட்டினா குமிழி இல்லை, பின்னாடி, பம்புப் பக்கம் மாட்டினா இருக்குன்னா, திருடன் ஃபில்டர்லதான் இருக்கான்.

ரெண்டு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது இரும்பு பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கறேன்னு யாராவது வந்தா விடாதீங்க. அது பழைய அம்பாசிடர் டீசலுக்கான வழக்கம். இதுல அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல, அதாவது வெளிக்காத்து அழுத்தத்தை விட ஏறக்குறைய ஆயிரம் மடங்குக்கு மேல போகும், பீச்சற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும், கையையே எடுக்க வேண்டி வரலாம். ஏர் ஃபில்டர் வழியா ஸ்ப்ரே, பெட்ரோல்னு அடிச்சு ஸ்டார்ட் பண்றதும் வேண்டாம்.

சேலம் ஐகான்:

அண்ணன் சொன்ன பிறகு இன்ஜின் பத்தி நான் பேச ஒண்ணுமில்லை. நம்பலாமான்னு கேட்டீங்களே, அதுக்குச் சொல்றேன். எங்க வீட்ல ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல் இன்னும் ஓடுது. ஃபோர்டுன்னாலே பார்ட்ஸ் விலை யானை விலைன்னு ஒரு பேர் அப்ப இருந்தது, அது நிஜம்தான். ஃபிகோ வந்தப்ப அதை மாத்தினாங்க. ஒரு சின்ன ரப்பர் போனா முழு அசெம்பிளியையும் வாங்க வைக்காம, உள்ளே இருக்கிற பாகத்தைத் தனியா விக்க ஆரம்பிச்சாங்க. உங்க வண்டி அந்தக் காலத்துது. அதுவும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். ஏற்காடு மலைப்பாதையில அது கைக்குச் சொல்ற சேதியை இப்ப வர்ற மின்சார ஸ்டியரிங்ல நான் பார்த்ததில்லை. பின்சீட்டு, பிளாஸ்டிக் தரம், உள்ளே இருக்கிற வசதி இதுலயெல்லாம் போட்டிக் கம்பெனிக்காரன் முன்னாடிதான் இருந்தான், அதையும் ஒத்துக்கணும்.

செங்கல்பட்டு வாசகன்:

என் மச்சான் சென்னைக்குப் பக்கத்து மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தவர். "ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்" என்று வீட்டில் சொல்வதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வண்டியை வைத்திருப்பதா என்று முடிவு செய்ய அதுவும் உதவும்.

ஃபோர்டு 1926இலேயே கனடா ஃபோர்டின் கிளையாக இந்தியாவுக்கு வந்து, 1950களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது கிளம்பிவிட்டது. திரும்பி வந்தது 1995இல், மஹிந்திராவோடு சேர்ந்து. முதலில் எஸ்கார்ட், 1999இல் ஐகான். உங்கள் ஃபிகோவை 2009 செப்டம்பரில் தில்லியில் அறிமுகம் செய்தவர் ஃபோர்டின் அப்போதைய தலைவர் ஆலன் முலாலியே. அந்த ஆண்டை யோசித்துப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்த ஆண்டு அது. 2006 கடைசியில் தன் நீல நீள்வட்டச் சின்னம் உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்து சுமார் 2,360 கோடி டாலர் கடன் வாங்கியிருந்ததால் ஃபோர்டு தப்பித்தது. அடகில் இருந்த கம்பெனி, மறைமலைநகரை விரிவாக்க 50 கோடி டாலர் போட்டது. 2010 மார்ச்சில் 3.49 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் ஃபிகோ வந்தது. ஐரோப்பாவில் ஓடித் தேறிய ஃபியஸ்டாவின் அடித்தளம்தான் அதற்கு. நீங்கள் சொல்லும் ஸ்டியரிங் சுகம் அங்கிருந்து வந்தது.

பிறகு சறுக்கியது. 2015இல் 100 கோடி டாலர் செலவில் குஜராத்தின் சனந்தில் இரண்டாவது ஆலை. இரண்டு ஆலைக்கும் தீனி போட விற்பனை இல்லை. மஹிந்திராவோடு மறுபடி சேரும் திட்டம் 2020 முடிவில் கைவிடப்பட்டது. பத்து ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பர் 9 அன்று உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சுமார் 4,000 பேருக்கு வேலை போனது. மச்சான் வீட்டில் அந்த ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. செட்டில்மென்டுக்காக 2022இல் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்ல வண்டி செய்த கைகள் அவை.

ஆனால் போனது உற்பத்திதான். சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று அன்றே சொன்னார்கள், தொடர்கிறது. சனந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. மறைமலைநகரை விற்கவில்லை. ஏற்றுமதிக்காக மறுபடி திறக்க 2024 செப்டம்பரில் தமிழக அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்தார்கள், 2025 அக்டோபரில் அங்கே இன்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதை நம்பி வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன், அந்த இன்ஜின் உங்கள் ஃபிகோவுக்கு இல்லை. பாகம் கிடைக்காது என்ற பயத்தில் விற்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

மிச்சிகன் தமிழன்:

நான் டெட்ராய்ட் பக்கம் இருக்கேன். ஃபோர்டு பிறந்த ஊர்லயே அதைப் பத்தி ரெண்டு விதமான பேச்சு இருக்கு. எஃப் சீரிஸ் பிக்கப் வச்சிருக்கறவங்க வேற கம்பெனிப் பக்கம் திரும்ப மாட்டாங்க. 1977லிருந்து இங்க அதிகம் விக்கற பிக்கப் அதுதான். ஆனா 2011 மாடல்லிருந்து வந்த ஃபியஸ்டா, அடுத்து வந்த ஃபோகஸ்ல பவர்ஷிஃப்ட்ங்கற ரெட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் வாங்கினவங்க ரொம்ப நொந்து போயிட்டாங்க. நடுக்கம், இழுக்காம நிக்கறதுன்னு புகார் குவிஞ்சு, கூட்டு வழக்கு போட்டு, 2020ல கோர்ட் சமரசத்தை ஏத்துக்கிச்சு. மஸ்டாங்கைத் தவிர மத்த கார்களை அமெரிக்காவுல படிப்படியா நிறுத்தறதா 2018ல சொன்னதுக்கு லாபக் கணக்குதான் காரணம், ஆனா சின்ன கார் மேல இருந்த நம்பிக்கை போனதுக்கு அந்த கியருக்கும் பங்கு உண்டுன்னு நினைக்கிறேன்.

இதைப் படிக்கறவங்க யாராவது செகண்ட்ஹேண்ட் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் தேடினா இது முக்கியம். 2013லிருந்து வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்ல அந்த ரெட்டை கிளட்ச் கியர்தான். 2017 நவம்பர் ஃபேஸ்லிஃப்ட்ல டார்க் கன்வெர்ட்டருக்கு, அதாவது எண்ணெய் வழியா விசையைக் கடத்தற பழைய பாணி ஆட்டோமேட்டிக்குக்கு மாத்திட்டாங்க. ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா அதுக்குப் பிறகு வந்ததைப் பாருங்க. டீசல் மேனுவல்னா பழசும் பரவாயில்லை.

திருப்பூர் ஃபிகோ:

மதுரை அண்ணா, பல்பை அமுக்கிட்டு அடிச்சேன், தொட்டவுடனே பிடிச்சது! மூக்கு கீழ நிறுத்தின காலையிலயும் அப்படித்தான். டியூப் மாட்டினோம். ஃபில்டருக்கு முன்னாடி டீசல் சுத்தமா தேன் நிறத்துல ஓடுது, பின்னாடி மாட்டினதும் குண்டூசித் தலை மாதிரி குமிழி வரிசையா ஓடுது. கழட்டிப் பார்த்தா, ஃபில்டர் மாத்தினவங்க பழைய ஓ ரிங்கையே, அதான் காத்து புகாம அடைக்கிற ரப்பர் வளையத்தையே, திரும்பப் போட்டிருக்காங்க. ஒரு பக்கம் நசுங்கித் தட்டையா, நகத்தால அழுத்தினா வெடிக்கிற அளவுக்குக் காஞ்சு கிடந்தது. ஒரிஜினல் ஃபில்டர் புது ரிங்கோட கடையில கிடைச்சது. மாட்டினதும், சரிவுலயே ரெண்டு ராத்திரி நின்னும் காலைல ஒரே சுத்துல பிடிக்குது. இன்ஜெக்டர் பேச்சே வேண்டாம்னு வொர்க்‌ஷாப்புக்குச் சொல்லிட்டேன்.

வண்டியை வச்சுக்கறதுன்னு வீட்லயும் முடிவாச்சு. வேற எதை இப்பவே பார்த்துடணும்?

மதுரை டீசல் பட்டறை:

சந்தோஷம் தம்பி. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பில் இருக்கா? இல்லைன்னா கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீங்க, ரப்பருக்கு வயசும் கணக்கு. அந்த பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி, நீங்க தப்பிச்ச செலவு அப்படியே திரும்பி வரும். வாட்டர் பம்பை ஓட்டறதும் அதே பெல்ட்தான். பெல்ட், அதை இறுக்கித் தாங்கற டென்ஷனர், ஐட்லர் உருளைகள், வாட்டர் பம்பு எல்லாத்தையும் ஒரே கூலியில முடிச்சுடுங்க.

அப்புறம் பானட்டைத் திறந்து இன்ஜெக்டர் அடியில தார் மாதிரி கறுப்பா படிஞ்சிருக்கான்னு பாருங்க. புஸ் புஸ்ஸுன்னு சத்தமோ, ஏசி போடும்போது உள்ளே புகை வாசனையோ வந்தா, அடியில இருக்கிற செம்பு வாஷர் விட்டுருச்சுன்னு அர்த்தம். இந்த இன்ஜின் குடும்பத்துக்கே உள்ள பழக்கம் அது. ஆரம்பத்துல பார்த்தா வாஷர் விலையோட போகும்.

திருப்பூர் ஃபிகோ:

பெல்ட் பில் இல்லை அண்ணா. இந்த மாசமே போட்டுடறேன். இன்ஜெக்டர் அடி காஞ்சுதான் இருக்கு, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன். ரொம்ப நன்றி.