தொடர்மாடியில் வளர்ந்த நாயை வளவுக்குப் பழக்கிய அனுபவம்

என் தங்கை குடும்பம் வெளிநாடு சென்றபோது, கொழும்புத் தொடர்மாடியில் வளர்ந்த அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் நாய் திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. குளியலறை ரைல்ஸ் தரையைத் தவிர வேறெங்கும் சிறுநீர் கழித்தறியாத அது, கடற்கரையோரம் எவ்வளவு நேரம் நடத்திக் கூட்டிவந்தாலும் அடக்கிக்கொண்டேயிருந்து, வாசற்படி ஏறியதும் குளியலறைக்கு ஓடிவிடும். பார்த்தவர்கள் பிடிவாதம் என்றார்கள். அப்படிச் சொல்வது அந்தச் சீவனுக்குச் செய்யும் அநியாயம். குட்டியில் பழகிய தரையின் தொடுகையையும் மணத்தையும் வைத்தே நாய் தன் இடத்தை அறிகிறது. நலமாயுள்ள வளர்ந்த நாயால் 8 முதல் 10 மணித்தியாலம் வரை அடக்கவும் முடியும் என்பதால், பழகாத மணலில் சிறுநீர் கழிக்கத் துணியாமல் வீடு வரும்வரை அது அடக்கிக்கொள்கிறது.

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டி, சிறுநீர்த் தொற்றோ மூட்டுவலியோ இல்லை என்று உறுதிசெய்தோம். நாய் முக்கியும் சிறுநீர் வராவிட்டால், குறிப்பாக ஆண் நாயாக இருந்தால், அது பழக்கத்தின் கோளாறாக இராது. அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பிறகு அது அறிந்த தரையையே வெளியே கொண்டுபோனோம். வீடு கட்டியபோது மிஞ்சிய ரைல்ஸ் துண்டுகளைப் பின்வளவில் வேப்பமர நிழலில் பரப்பி, அதன் சிறுநீரைத் துடைத்த துணியொன்றை மேலே விரித்தேன். காலையில் கண்விழித்ததும், சாப்பிட்டுச் சற்று நேரத்திலும் குடல் இளகும் என்பதால், அவ்வேளைகளில் சங்கிலியில் கூட்டிச்சென்று, பேசாமலும் அதன் முகத்தைப் பார்க்காமலும் நிற்பேன். துணியை மோந்துவிட்டு முன்னங்கால் இரண்டையும் ரைல்ஸில் வைக்கும். பின்னங்கால்கள் மணலிலேயே நிற்கும். மதிலுக்கு அப்பால் தெருநாய் குரைத்தால் வாலை இடுக்கிக்கொண்டு திரும்பிவிடும். ஆகவே தெரு அடங்கியிருக்கும் விடியற்புறத்தையே பெரிதும் நம்பினோம். ஒரு விடியலில் நாலு காலும் ரைல்ஸில் ஏறின, உடல் தாழ்ந்தது. முடித்த கணமே, அவ்விடத்திலேயே, முள் நீக்கிய அவித்த மீன் துண்டைக் கொடுத்தேன். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்கான பரிசென்றே நாய் எடுத்துக்கொள்ளும்.

அதன்பின் ரைல்ஸின்மேல் மணலைச் சிறிது சிறிதாகத் தூவி, துண்டுகளை ஒவ்வொன்றாக அகற்றினோம். முடித்ததும் உடனே உள்ளே அழைத்து வராமல் சற்று உலாவவும் விட்டோம். இல்லையேல் வெளியே நிற்கும் ஆசையில் மறுபடி அடக்கப் பழகும். குளியலறைக் கதவைச் சாத்தி வைத்து, உள்ளே எப்போதாவது சிறுநீர் கழித்துவிட்டால் நொதியம் கலந்த திரவத்தால் கழுவினோம். அமோனியா கலந்தவை சிறுநீர் மணத்தையே நினைவூட்டும். அதட்டுவதும் மூக்கைத் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். மனிதர் முன்னால் சிறுநீர் கழிப்பதே ஆபத்தென்று அஞ்சும் நாய், சங்கிலியில் எங்கே கூட்டிப்போனாலும் கழிக்காது.

நம்மூருக்கென்று இரண்டு விடயங்கள் உண்டு. கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் மணல் பாதத்தைச் சுடும். அந்நேரம் பழக்க முயலாதீர்கள். மாரியில், ஈரத்தில் கால் வைக்க மறுக்கும் நாய்கள் பல, எங்களுடையதும் அப்படித்தான். ஐப்பசி மழை தொடங்குமுன் அந்த மூலைக்கு மேலே இரண்டு தகரம் போட்டு, அடியில் மண்ணைச் சற்று உயர்த்திவிடுங்கள்.