எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் என்று அழைக்கப்பட்டவர்களின் அனுபவங்கள்: ஆய்வகம், டயாலிசிஸ், பிரசவ அறை

உயிரியல் ஆசிரியை எழுதியது:

நீட் முடிவு வந்த வாரத்தில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தாயாருடன் வீட்டுக்கு வந்திருந்தாள். பிளஸ் டூ உயிரியலில் 96 எடுத்தவள். எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காது என்று தெரிந்துவிட்ட நிலையில், “நர்சிங்கோ லேப் படிப்போ படிச்சா, கடைசிவரைக்கும் டாக்டருக்கு எடுபிடியாத்தானே டீச்சர் இருக்கணும்?” என்று அந்தத் தாய் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கட்-ஆஃப் மதிப்பெண்ணையும் கல்லூரிக் கட்டணத்தையும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த வேலையில் இருப்பவர்கள் மட்டுமே சொல்லக்கூடியது வேறு. கல்லூரியில் நீங்கள் கற்றது ஒரு நோயாளியின் முன்னால் உங்களுக்குக் கைகொடுத்த ஒரு நாளைப் பற்றி இங்கே எழுத வேண்டுகிறேன். அந்தத் தாயிடம் வாசித்துக் காட்டுவேன்.

வைகைக்கரை எழுதியது:

டீச்சர், இதே கேள்வியை என் அப்பாவும் கேட்டார். நான் பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தேன். மூன்று ஆண்டு வகுப்பு, அதன்பின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. வேலையில் சேர்ந்து 19 ஆண்டுகள் ஆகின்றன.

ஓர் ஐப்பசி மாதம், டெங்கு உச்சத்தில் இருந்த நேரம். காய்ச்சலுடன் சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 14,000 என்று கருவி காட்டியது. இயல்பாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை அது. வார்டிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி வந்தது. தட்டணு ஏற்ற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது; அவருடைய கணவர் ரத்தம் கொடுக்க நண்பர்கள் மூவரைக் கூட்டிவந்து ரத்த வங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஈறில் கசிவில்லை, தோலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை என்று வார்டு நர்ஸ் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு அது உறுத்தியது.

கருவி காட்டும் எண் நோயாளியோடு பொருந்தாவிட்டால் ஸ்மியரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று கல்லூரியில் எங்கள் பேராசிரியை ஓயாமல் சொல்வார். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். இழுத்த ரத்தம் மெலிந்து முடியும் வால் பகுதியில், சிவப்பணுக்களுக்கு நடுவே, சிந்திய ரவை ஈரத்தில் ஒட்டித் திரண்டதுபோல ஊதா நிறத்தில் தட்டணுக்கள் இருபது முப்பதாகக் கட்டிக் கிடந்தன. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கப்படும் இ.டி.டி.ஏ. என்ற உப்பு, சிலருடைய ரத்தத்தில் மட்டும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அது ட்யூபுக்குள் நடப்பது; உடலுக்குள் நடப்பதில்லை. கட்டிகளைத் தட்டணுவாகக் கருவிக்குத் தெரியாததால் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது.

நானே வார்டுக்குப் போய், நீல மூடி சிட்ரேட் ட்யூபில் மறுபடியும் ரத்தம் எடுத்தேன். கருவி இம்முறை 1,60,000 காட்டியது. சிட்ரேட் திரவம் ரத்தத்தைச் சற்று நீர்க்கச் செய்வதால் அதை 1.1-ஆல் பெருக்க வேண்டும், 1,76,000 வந்தது. மருத்துவரிடம் சொன்னேன். அவர் என்னுடன் ஆய்வகத்துக்கு வந்து நுண்ணோக்கியில் தாமே பார்த்துவிட்டு, தட்டணு ஏற்றும் ஆணையை ரத்து செய்தார். அந்த நேரத்தில் எங்கள் இருவரில் யாரும் யாருக்கும் எடுபிடியாக இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரத்தம் போதவில்லை என்று ஊதா மூடி ட்யூபிலிருந்து, பொட்டாசியம் போன்றவற்றைச் சோதிப்பதற்கான சிவப்பு மூடி ட்யூபுக்குச் சிறிது ஊற்றிக்கொள்ளும் பழக்கம் சரியாகப் படிக்காதவர்களிடம் உண்டு. ஊதா ட்யூபில் இருப்பது பொட்டாசியம் உப்பு. அதனால் நோயாளியின் பொட்டாசியம் உயிருக்கே ஆபத்தான அளவில் இருப்பதாகவும், கால்சியம் அடியோடு குறைந்துவிட்டதாகவும் அறிக்கை வரும். காரணம் தெரிந்தவர் அதைச் செய்ய மாட்டார். நான்கு ஆண்டுகள் படிப்பது இதற்காகத்தான். என் முதல் சம்பளம் வாடகைக்கும் பேருந்துக்குமே சரியாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை, எம்.எஸ்சி. முடித்து, ஆய்வகத் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்புக்கு வந்த பிறகே நிமிர்ந்தேன்.

நொய்யல் எழுதியது:

நான் டயாலிசிஸ் தொழில்நுட்பம் படித்தவள். சிறுநீரகம் செயலிழந்தவர் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் எங்கள் கையில் இருக்கிறார். நிமிடத்துக்கு 500 மி.லி. என்ற கணக்கில், ஒரே அமர்வில் 120 லிட்டர் திரவம் அவருடைய ரத்தத்துக்கு எதிர்ப்புறமாக, மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் ஓடுகிறது. நாம் குடிக்கும் நீரைக் குடல் சலிக்கிறது. இங்கே நடுவில் இருப்பது அந்தச் சவ்வு மட்டுமே. அதனால் முதல் நோயாளி வருமுன் நீரைச் சோதிப்பதே அன்றைய முதல் வேலை.

மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, குளோரினை நீக்கும் கரித்தொட்டியைத் தாண்டி வந்த நீரில் சோதனை மருந்தைக் கலந்தபோது அது நிறமற்று இருப்பதற்குப் பதிலாக இளஞ்சிவப்பாக மாறியது. நீரில் குளோரின் மிச்சமிருக்கிறது என்று பொருள். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளோரினும் அமோனியாவும் சேர்ந்து உருவாகும் குளோரமைன் ரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்கள் உடையும். இரண்டாம் முறையும் அதே நிறம் வந்ததால், ஐந்து இயந்திரங்களையும் தொடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்த பெரியவரின் மகன் என்னைக் கடுமையாகத் திட்டினார். எனக்கு அப்போது 23 வயது, அழுகை வந்தது. ஆனாலும் கரி மாற்றப்பட்டு, மூன்றாம் சோதனையில் நீர் நிறமற்று நிற்கும்வரை குழாயைத் திறக்கவில்லை. பிற்பகலில் அந்தப் பெரியவரின் கையிலுள்ள ஃபிஸ்டுலாவின் (டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் அறுவையில் இணைத்த இடம்) மேல் விரல் வைத்து, அதிர்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, “நீ சொன்னதுதாம்மா சரி” என்றார். மருத்துவர் வருமுன், காலை ஐந்தரை மணிக்கு அந்த முடிவை எடுக்கவேண்டியவள் நான் ஒருத்திதான்.

பெயர் வேண்டாம் எழுதியது:

மேலே எழுதியவர்களைப் போல் எனக்குச் சொல்ல நல்ல அனுபவம் இல்லை. ஆனால் அந்த மாணவிக்கு இது பயன்படும். எங்கள் ஊருக்கு அருகே இருந்த ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டு நர்சிங் பட்டயம் என்று சேர்ந்தேன். அம்மாவின் தோடு அடகில் போனது. முடித்துக்கொண்டு வேலைக்குப் போனபோதுதான், அந்தச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவுசெய்ய முடியாது என்று தெரிந்தது. பதிவு இல்லாமல் நான் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே நர்சிங் என்றால் அந்தக் கல்லூரிக்குக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்றும், பட்டப்படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற முறையான பல்கலைக்கழகத்தின் இணைப்பு உண்டா என்றும் கட்டணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள். ஆய்வகம், கதிரியக்கம், இயன்முறை போன்ற துறைகளுக்கும் 2021-இல் நாடாளுமன்றம் தேசிய ஆணையச் சட்டம் இயற்றியிருக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை.

தாமிரபரணி எழுதியது:

முந்தைய பதிவைப் படித்து மனம் கனத்தது. நான் பி.எஸ்சி. நர்சிங் படித்து, தொகுப்பூதியத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்குச் சேர்ந்தவள்.

இரவு இரண்டரை மணிக்கு ஒரு பிரசவம். குழந்தை நன்றாக அழுதது. தாய்க்கு, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட்டாயிற்று. நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது. இருபது நிமிடம் கழித்து அந்தப் பெண், “தலை சுத்துதுக்கா” என்றாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கை அவள் வயிற்றுக்குப் போனது. தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பை பந்துபோல இறுகியிருக்க வேண்டும். பிசைந்த மாவு போலத் தொளதொளவென்று இருந்தது. கீழே விரித்திருந்த துணி கனத்துக் கிடந்தது. 500 மி.லி.யைத் தாண்டினாலே அது ஆபத்தான ரத்தப்போக்கு. ஒரு கையால் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, ஆயாம்மாவை 108-க்கும் மருத்துவருக்கும் பேசச் சொன்னேன். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்காது என்பதால் குழாய் வைத்து அதைக் காலிசெய்தேன். மருத்துவர் தொலைபேசியில் சொன்னபடி டிரிப்ஸில் ஆக்சிடோசின் ஏற்றினேன். அவள் வலி தாங்காமல் என் கையைத் தட்டிவிட்டாள். நான் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் என் உள்ளங்கைக்கு அடியில் அது மெதுவாகத் திரண்டு, உருண்டு, கல்லாக இறுகியது. மூன்றாமாண்டில் பொம்மையின் வயிற்றிலும், பிறகு பிரசவ வார்டில் எத்தனையோ தாய்மாரிடமும் தொட்டுத் தொட்டுப் பழகியிராவிட்டால், அந்த வேறுபாடு என் விரலுக்குத் தெரிந்திருக்காது.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

எல்லாவற்றையும் நேற்று மாலை அவர்கள் வீட்டில் வாசித்தேன். கர்ப்பப்பை இறுகியது என்ற இடத்தில் அந்தத் தாய் என்னை நிறுத்தினார். இந்த மகள் பிறந்த இரவில் ஒரு நர்சம்மா தம் வயிற்றை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்ததாகவும், வலியில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டதாகவும், அவர் எதற்காக அப்படிச் செய்தார் என்பது இத்தனை ஆண்டுகளாகத் தமக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

மகள் கேட்டது வேறு. கட்டிக்கொண்ட தட்டணுக்களை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டுமாம். பள்ளி நுண்ணோக்கியில் அந்தத் தெளிவு கிடைக்காது. வைகைக்கரை ஐயா, அப்படி ஒரு சில்லைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்களா? சனிக்கிழமை அவளை அழைத்து வரலாமா?