மழைத் தண்ணீருக்கு ஒரு வழி, சாக்கடைக்கு ஒரு வழி: எங்கள் தெரு அனுபவங்கள்

மாம்பலம் குடியிருப்புச் செயலாளர்:

சென்னையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மாநகராட்சி ஆட்கள் மழைநீர் வடிகாலைத் திறந்து தூர் வாருவார்கள். அப்படி எங்கள் தெருவில் வாரியபோது, எங்கள் சுற்றுச்சுவருக்கு அடியிலிருந்து ஒரு நாலு அங்குலக் குழாய் வடிகாலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. வானத்தில் மேகமே இல்லை, குழாயிலிருந்து சோப்பு நுரை வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே நோட்டீஸும் வந்தது: கழிவுநீர் இணைப்பைத் துண்டியுங்கள், இல்லையென்றால் அபராதம்.

அசோசியேஷன் கூட்டத்தில் பாதிப் பேர் நம்பவே இல்லை. "நமக்குத்தான் மெட்ரோ வாட்டர் சாக்கடை இணைப்பு இருக்கே, வரியும் கட்டுறோமே" என்றார்கள். எங்கள் பிளம்பர்தான் வழி சொன்னார். "சார், ஒரு பாட்டில் சொட்டு நீலம் வாங்கிட்டு வாங்க." மேல் வீட்டு வாஷிங் மெஷின் குழாயில் நீலத்தை ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார். நாங்கள் வெளியே வடிகால் மூடியை நகர்த்திப் பார்த்தபடி நின்றோம். கொஞ்ச நேரத்தில் நீலமாக ஓடியது. கழிவறையில் ஊற்றியது மட்டும் ஒழுங்காகப் பாதாளச் சாக்கடை சேம்பருக்கு (வீட்டுக் குழாய்கள் சாக்கடையோடு சேரும், மூடி போட்ட தொட்டி) போய்ச் சேர்ந்தது. வீட்டைக் கட்டியவர் கழிவறையை மட்டும் சாக்கடையில் சேர்த்திருக்கிறார். பால்கனித் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் மொட்டை மாடி மழைக்குழாயோடு கலந்து வடிகாலுக்குப் போயிருக்கின்றன.

அதைவிடப் பெரிய விஷயம் பின்பக்கம் இருந்தது. மாடியின் இன்னொரு மழைக்குழாயை நேரே சாக்கடை சேம்பரில் இறக்கியிருந்தார்கள். பெருமழை பெய்தால் தரைத்தள வீட்டுக் குளியலறையில் சாக்கடை மேலேறி வருவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், இருபது பேர் இருக்கும் குடியிருப்பின் எட்டு நாள் கழிவுநீர் அது. சில மணி நேரத்தில் அவ்வளவையும் சாக்கடைக் குழாயில் தள்ளினால் அது எங்கே போகும்? தெருவிலேயே தாழ்வான வீட்டில் போய்க் கொப்பளிக்கும். சாக்கடையில் மழைநீரை விடக் கூடாது என்று விதி வைத்திருப்பது அந்த வீட்டுக்காரருக்காகத்தான்.

சரி செய்தது இப்படி. சமையலறை, பால்கனிக் குழாய்களைப் பிரித்துத் தனி சேம்பர் கட்டிச் சாக்கடையில் சேர்த்தோம். மாடித் தண்ணீர் முழுவதையும் மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பி, நிரம்பி வழிவது மட்டும் வடிகாலுக்குப் போகும்படி வைத்தோம். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானபோது தோண்டிய குழிதான், மண் அடைத்துக் கிடந்தது. ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி போட்டோம். தரைத்தள வீட்டுக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றும் மாட்டினோம்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வடிகால் மாநகராட்சியுடையது, 1913 என்ற தொலைபேசி எண்ணுக்குப் பேச வேண்டும். பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது, அதாவது மெட்ரோ வாட்டருடையது, அதற்கு எண் 1916. தெருவில் தேங்கி நிற்பது எந்தத் தண்ணீர் என்று முதலில் பார்த்துவிட்டுப் பேசினால் அலைச்சல் மிச்சம்.

மடிப்பாக்கம் வாசகி:

உங்களுக்காவது சாக்கடை இணைப்பு இருக்கிறது. எங்கள் பக்கமெல்லாம் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. எங்கள் தெருவுக்கு வடிகால் முதலில் வந்துவிட்டது. பாதாளச் சாக்கடைக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். அதுவரை வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், கழிவுநீர் லாரி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறினால் டேங்க் இரண்டு நாளில் நிரம்பிவிடும், அந்தச் சமயம் பார்த்து லாரியும் கிடைக்காது.

எதிர் வீட்டில் ராத்திரி மோட்டார் போட்டு டேங்க் தண்ணீரை வடிகாலில் விடுவார்கள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. வாசனை கேட்காமல் இருக்குமா? அந்த வடிகால் போய்ச் சேர்வது ஏரியிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடிகால் எதிர்த்து வந்து எங்கள் சம்புக்குள், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள், இறங்கியது. அவர்கள் விட்ட தண்ணீர் அவர்கள் வீட்டுச் சம்புக்குள்ளும்தான் போனது. தண்ணீர் வடிந்த பிறகு ப்ளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு வீட்டுச் சம்பையும் ஒன்றாகத்தான் கழுவினோம்.

அப்போதுதான் அந்த எதிர் வீட்டு அம்மாவிடம் மனசு விட்டுப் பேசினேன். "என்னம்மா பண்றது, வயசானவங்க இருக்காங்க, கக்கூஸ் நிரம்பி நிக்குது" என்று அழுதார். நியாயம்தான். புகார் கொடுத்திருந்தால் அபராதத்தோடு பகையும் வந்திருக்கும், டேங்க் நிரம்புவது நின்றிருக்காது. இப்போது தெருவே சேர்ந்து செப்டம்பரிலேயே ஒரே லாரிக்காரரை வரவைத்து எல்லா டேங்கையும் காலி செய்துவிடுகிறோம். வாடகை குறைகிறது, மழைக்குள் போகும்போது டேங்கும் காலியாக இருக்கிறது. பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெருக்களிலும் சிலர் இணைப்புக் கட்டணத்துக்கு யோசித்து டேங்க்கையே வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து இணைத்துவிடுங்கள்.

வடிகால் வேலை பார்த்தவர்:

ஒப்பந்ததாரரிடம் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். செயலாளர் சார் சொன்ன குழாயைப் போல நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறோம். ஆனால் தெருவில் தண்ணீர் நிற்க இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை: வாசல் சாய்தளம். காரை ஏற்றுவதற்காக வடிகால் மேலேயே கான்கிரீட் போடுகிறார்கள். சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் ஓரத் துளை அதற்கு அடியில் மறைந்துவிடும். உள்ளே வடிகால் பாதி காலியாக இருக்கும், மேலே சாலையில் முழங்கால் தண்ணீர். நாங்கள் சாய்தளத்தை உடைக்கப் போனால் சண்டைக்கு வருவார்கள். உடைத்துத் துளையைத் திறந்ததும் தண்ணீர் சடசடவென்று இறங்குவதைப் பார்த்த பிறகு அதே ஆட்கள் அடுத்த வீட்டுத் துளையையும் காட்டிக் கொடுப்பார்கள்.

துளைக்குக் கீழே மண் தங்குவதற்கென்றே ஒரு தொட்டி கட்டியிருப்போம். வீடு கட்டுகிறவர்கள் மணல், ஜல்லியைத் தெருவில் கொட்டி வைத்தால் ஒரே மழையில் அந்தத் தொட்டி நிரம்பிவிடும். அப்புறம் எவ்வளவு பெரிய வடிகால் கட்டியும் பிரயோசனம் இல்லை.

வேளச்சேரியில் மெஸ் நடத்துபவர்:

எங்களுக்கு அடைப்பு எண்ணெயால் வந்தது. கை கழுவும் இடத்துத் தண்ணீரும் பாத்திரத் தண்ணீரும் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் சாக்கடைக்குப் போக வேண்டும் என்று வாரியத்து ஆள் வந்து சொன்னார். தொட்டி வைத்தோம். வாராவாரம் மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளுகிறோம். குழம்புச் சட்டியைக் கழுவுவதற்கு முன் வழித்துக் குப்பையில் போடச் சொல்லிப் பழக்கியதுதான் பெரிய வேலை.

மாம்பலம் குடியிருப்புச் செயலாளர்:

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன். முதலாவது, குழாய் வேலைச் செலவை எப்படிப் பங்கிட்டோம் என்பது. மூன்றாவது மாடிக்காரர்கள் "எங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லையே, நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்" என்றார்கள். மாடித் தண்ணீர் எல்லோருக்கும் பொது, குழாயும் பொது என்று பத்திரத்தில் இருப்பதைக் காட்டினோம். சமமாகப் பங்கிட்டோம். தரைத்தள வீட்டு வால்வுச் செலவையும் பொதுக் கணக்கில்தான் எழுதினோம்.

அடுத்தது, தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும்போது சாக்கடை மேன்ஹோலைத் திறந்துவிடலாமா என்பது. வேண்டாம். 2021 நவம்பரில் எங்கள் தெருவிலேயே இளைஞர்கள் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். முதலில் தண்ணீர் இறங்குவதுபோலத் தெரிந்தது, அப்புறம் அடுத்த தெருவில் வீடுகளுக்குள் சாக்கடை பொங்கியது. திறந்த குழி தண்ணீருக்கடியில் தெரியவும் தெரியாது, யார் வேண்டுமானாலும் விழலாம். அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்குவதும் கூடவே கூடாது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம், விஷவாயு நொடியில் உயிரைக் குடித்துவிடும். இயந்திரத்தோடு வரச் சொல்லி 1916-க்குச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகாலின் ஓரத் துளையில் சிக்கியிருக்கும் இலையையும் பிளாஸ்டிக் பையையும் குச்சியால் இழுத்து விடுவதை மட்டும் நாமே செய்யலாம்.